ஒரே பாட்டுக்கு இரண்டு பெட்டி

2024ஆம் ஆண்டு மாசி மாதம் ஆனையூரிலிருந்து ஜெயக்கொடி என்ற பெண்மணி பழங்காநத்தத்தில் எங்கள் தெருவுக்கு வந்தார். அவருடைய மகள் தாமரைச்செல்விக்கு வைகாசியில் கல்யாணம். ரேடியோ செட் பேசுவதற்காக வந்திருந்தார். எங்கள் தெருவில் ரேடியோ செட் வைத்திருப்பவர் அழகுபாண்டி; என் வீட்டுக்கு நேர் எதிர் வீடு. மைக், பாட்டு, வாசலுக்குச் சீரியல் விளக்கு எல்லாம் பேசி முடித்து எழுந்த ஜெயக்கொடி, ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

“அண்ணே, பொண்ணு மணமேடைக்கு வரும்போது எங்க அப்பா மேளத்தப் போட்டுருங்க. அந்த எடத்துல வேற எந்தப் பாட்டும் வேணாம்.”

“அது இல்லாமலா? போட்ருவோம்மா,” என்றார் அழகுபாண்டி.

இப்படி யோசிக்காமலே ஒப்புக்கொண்ட அந்த மேளம், பங்குனி மாதத்தில் அவர் கையில் இல்லாமல் போனது. அது எப்படிப் போனது, பிறகு என்ன நடந்தது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. நான் நேரில் பார்க்காத பகுதிகளை அழகுபாண்டியிடமும், அவருடைய லோடு ஆட்டோக்காரர் கருத்தக்கண்ணனிடமும் தனித்தனியே கேட்டேன். இருவர் சொன்னதும் ஒன்றோடொன்று பொருந்தி வந்தது.

அழகுபாண்டிக்கு வயது ஐம்பத்திரண்டு. பார்வை கிடையாது. எட்டாம் வகுப்பில் கரும்பலகை மங்கத் தொடங்கியது. பத்தாம் வகுப்பு முடிவதற்குள் வெளிச்சம் இருட்டு என்ற வித்தியாசமும் போய்விட்டது. அவருடைய தாய்மாமன் சுருளி அப்போது பழங்காநத்தத்தில் ரேடியோ செட் நடத்திக்கொண்டிருந்தார். அக்காள் மகனைக் கூட வைத்துக்கொண்டார். அது கேசட் காலம். ஒவ்வொரு கேசட்டின் விளிம்பிலும் பிளேடால் சின்னச் சின்ன வெட்டுகள் போட்டு, விரலால் தடவியே எந்தப் பாட்டு என்று அழகுபாண்டி எடுத்துக் கொடுப்பார். பிறகு சிடி வந்தது. சிடியில் எங்கே தடவினாலும் ஒரே வழவழப்பு. தொழிலை விட்டுவிடலாமா என்று அவர் நினைத்தது அந்த ஒரு காலத்தில்தான்.

அந்தச் சமயத்தில் மதுரையில் பார்வையற்றவர்களுக்குக் கணினிப் பயிற்சி நடந்தது. அதில் சேர்ந்தார். திரையில் இருப்பதையெல்லாம் குரலாக வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் என்ற மென்பொருளை அங்கேதான் பழகினார். அதற்கு மவுஸ் வேண்டாம். அம்புக்குறி விசையை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அடுத்த பெயரைச் சொல்லும். ஓர் எழுத்தை அழுத்தினால் அந்த எழுத்தில் தொடங்கும் பெயருக்குத் தாவும். சுருளி காலமான பிறகு செட் முழுவதும் இவர் பொறுப்புக்கு வந்தது. கேசட்டுகளையும் சிடிகளையும் ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றிவிட்டு, இன்று ஒரு மடிக்கணினியையும் ஹார்டு டிஸ்க்கையும் தோள்பையில் போட்டுக்கொண்டு விசேஷங்களுக்குப் போகிறார்.

திரைவாசிப்பானில் பேசுவது ஒரு பெண் குரல். அதன் வேகத்தை அவர் வருடா வருடம் கூட்டிக்கொண்டே வந்ததால், மற்றவர்கள் காதுக்கு அது தகரத்தில் அரிசி கொட்டும் சத்தம் போலத்தான் இருக்கும். ஒரு சொல்லும் விளங்காது. அவர் மனைவி சின்னத்தாய் அந்தக் குரலுக்கு வைத்திருக்கும் பெயர் ‘சின்ன வீடு’. சோறு ஆறுவது தெரியாமல் இவர் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தால், “அவ பேசி முடிக்கட்டும், அதுக்குப் பெறகு என் சோத்தப் பாப்பாக,” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத் தட்டை மூடி வைப்பார்.

இவர் சிரித்துக்கொண்டே ஒரு விசையை அழுத்துவார். குரல் நின்றுவிடும். “பாத்தியா, நிறுத்துன்னா நிறுத்திருறா.”

“ஒங்களுக்கும் அப்புடி ஒரு பட்டன் எங்கிட்டாச்சும் இருக்கும். தேடிக்கிட்டுத்தேன் இருக்கேன்,” என்பார் சின்னத்தாய்.

பாட்டுகளுக்குப் பெயர் வைப்பதில் அழகுபாண்டிக்கு ஒரு முறை உண்டு. இணையத்திலிருந்தும் ஊரார் பென்டிரைவிலிருந்தும் வரும் பாட்டுகளின் பெயரில் முதலில் ஏதாவதொரு வலைத்தள முகவரி ஒட்டிக்கொண்டிருக்கும். கண் உள்ளவர்கள் அதைத் தாண்டிப் படித்துவிடுவார்கள். திரைவாசிப்பான் தாண்டாது. பாட்டுக்குப் பாட்டு அந்த முகவரி முழுவதையும் வாசித்துவிட்டுத்தான் பெயருக்கு வரும். மாமன் சீர் வாசலில் வந்து நிற்கும்போது அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து அத்தனை பெயர்களையும் மாற்றினார். ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் சொல் எதுவோ அதுதான் முதலில். பாடியவர், வருடம், நீளம் எல்லாம் பின்னால். முதல் சொல்லின் பாதி காதில் விழுந்ததுமே விரல் அடுத்ததற்குப் போய்விடும்.

ஆரம்பத்தில் ஒரு சங்கடமும் நடந்தது. பாட்டும் திரைவாசிப்பான் குரலும் ஒரே கம்பி வழியாகக் குழாய் ஒலிபெருக்கிக்குப் போய்விட்டன. திருமங்கலம் பக்கம் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில், ஊர் முழுக்கக் கேட்கும்படி, பேட்டரி இருபது சதவீதம்தான் இருக்கிறது என்று அந்தப் பெண் குரல் அறிவித்தது. அதற்குப் பிறகு சின்னதாக இன்னொரு சவுண்ட் கார்டு வாங்கிச் செருகிவிட்டார். பாட்டு குழாய்க்குப் போகும். குரல் அவருடைய இடது காதுக்கு மட்டும் வரும். வலது காது மண்டபத்துக்கு.

இனி, இந்தக் கதைக்கு முக்கியமான வழக்கத்துக்கு வருகிறேன். சாவு வீட்டை எங்கள் பக்கம் கேத வீடு என்போம். கேத வீட்டில் பாடிய கேசட்டை விசேஷ வீட்டில் போடுவதில்லை என்பது சுருளி காலத்திலிருந்தே இந்தச் செட்டில் உள்ள கட்டுப்பாடு. கேதப் பெட்டி தனி, விசேஷப் பெட்டி தனி. ஒரே பாட்டு இரண்டு இடத்துக்கும் வேண்டியிருந்தால் இரண்டு கேசட் வாங்குவார்கள். அம்மாவைப் பற்றிய பாட்டு, சாமி பாட்டு, நாதஸ்வரம் என்று அப்படிப்பட்டவை ஏராளம். கேதப் பெட்டி வீட்டுக்குள் வராது. வாசல் பக்கத்துக் கொட்டகையில்தான் இருக்கும்.

கணினி வந்த பிறகும் அழகுபாண்டி இதை விடவில்லை. இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்றில் மஞ்சள் நூல், ஒன்றில் கறுப்பு நூல். நிறம் அவருக்காக அல்ல, சின்னத்தாய்க்காக; அவர் விரலுக்கு மஞ்சள் நூலில் ஒரு முடிச்சு. கேத வீட்டுக்கு ஒரு பாட்டு வேண்டுமென்றால் முதலில் அதை நகலெடுத்துக் கறுப்பு நூல் பெட்டிக்கு அனுப்பி, அங்கிருந்துதான் போடுவார். அந்தப் பக்கம் போன நகல் இந்தப் பக்கம் திரும்பாது. கருத்தக்கண்ணன் இதை வைத்து அவரைக் கிண்டல் செய்யாத நாளில்லை. கம்ப்யூட்டருக்குத் தீட்டுக் கழிக்க எந்த ஐயரைக் கூப்பிடுவது என்று கேட்பார்.

ஜெயக்கொடி கேட்ட மேளமும் இரண்டு பெட்டியிலும் இருந்தது. அதன் கதை இது. ஜெயக்கொடியின் தகப்பனார் தவசி, டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்து ஊரில் பருத்தியும் மிளகாயும் போட்ட விவசாயி. பல வருடங்களுக்கு முன் அந்த ஊர்ப் பொங்கலில் ஒரு நாதஸ்வரக் கோஷ்டி வாசித்ததை யாரோ டேப்பில் பதிந்திருந்தார்கள். மேளம் உச்சத்துக்குப் போய் நின்றதும் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்கும்: “இன்னொருக்க வாசிங்க மாப்ள. யாரும் வீட்டுக்குப் போகல.” அது தவசியின் குரல். அவர் பெரியவர் சிறியவர் பார்க்காமல் எல்லோரையும் மாப்ள என்றுதான் கூப்பிடுவார். உடனே தவில்காரர் சிரிக்கும் சத்தம். பிறகு அதே மேளம், முன்னைவிட வேகமாக.

அந்தக் கேசட்டைத் தவசி தேயத் தேயக் கேட்டார். டேப் அறுந்துவிடும் என்று ஆனபோது அழகுபாண்டிதான் அதைக் கணினியில் ஏற்றினார். கடைசிக் காலத்தில் கால் வைத்தியத்துக்காகத் தவசி ஆனையூரில் மகள் வீட்டில் இருந்தார். ஊரை விட்டு வந்த ஏக்கம் தெரியாமல் இருக்கட்டும் என்று, மெமரி கார்டு போட்டுப் பாடும் ஒரு கையடக்க ஸ்பீக்கரில் மேளத்தையும் வேறு சில பாட்டுகளையும் ஏற்றி அழகுபாண்டி கொடுத்திருந்தார்.

2022 கார்த்திகையில் தவசி காலமானார். சொந்த ஊருக்குக் கொண்டு போனார்கள். அழகுபாண்டி செட்தான். தூக்கும்போது அவருடைய மேளத்தையே போடச் சொன்னார்கள். கறுப்பு நூல் பெட்டியிலிருந்து போட்டார். நடுவில் அந்தக் குரல் வந்தபோது ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒரு கணம் நிறுத்திவிட்டு, பிறகு இரண்டு மடங்காக அழுதார்கள். பழைய கேசட்டை அவர் நெஞ்சின் மேல் வைத்தார்கள். அந்தக் கையடக்கப் பாட்டுப் பெட்டியையும் கூடவே வையுங்கள் என்று யாரோ சொன்னதை அழகுபாண்டி காதால் கேட்டார். வைத்தார்களா என்பதை அவர் எப்படிப் பார்ப்பார்? வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

இனி பங்குனிக்கு வருவோம்.

கறுப்பு நூல் டிஸ்க் பழையது. ஓடும்போது கடகடவென்று சத்தம் வரத் தொடங்கியது. திடீரென்று செத்துப்போனால் எல்லாம் போய்விடுமே என்று, புதிது வாங்கும் வரைக்கும் அதிலிருந்ததை விசேஷ டிஸ்க்கில் ஓர் ஓரமாக, ‘கேதம்’ என்று தனி ஃபோல்டர் போட்டு வைத்தார். சின்னத்தாய் அப்போதே முகம் சுளித்தார். “ஒரே வீட்ல ரெண்டையும் குடி வைக்கிறீக,” என்றார். நான்கு நாளைக்குத்தான் என்று இவர் சமாதானம் சொன்னார்.

அதே வாரம் இன்னொரு வேலையையும் தொடங்கினார். ஊரார் பென்டிரைவிலிருந்து ஏற்றியதில் ஒரே பாட்டு நாலைந்து தடவை சேர்ந்திருந்தது. தேடும்போது குரல் அதே பெயரைத் திருப்பித் திருப்பிச் சொல்லும். இரட்டைகளைக் கண்டுபிடித்து அழிக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவினார். அது முழு டிஸ்க்கையும் அலசியது. ஒரே மாதிரி உள்ளவற்றில் வரிசையில் முதலில் வருவதை வைத்துக்கொண்டு மற்றவற்றை நிரந்தரமாக அழிக்கட்டுமா என்று கேட்டது. குரல் அதைத் தெளிவாகத்தான் வாசித்தது. இவரும் தெளிவாகத்தான் கேட்டார். சரி என்று அழுத்திவிட்டார். விருந்தாளியாக ஓரத்தில் இருந்த கேதம் அந்த நிமிடம் நினைவில் இல்லை. வரிசையில் அதுதான் மேலே இருந்தது.

கணினிக்கு எது கேதம், எது விசேஷம்? இரண்டு பெட்டியிலும் ஒன்றுபோல இருந்த பாட்டு ஒவ்வொன்றிலும் கேதத்தின் நகல் நின்றது. விசேஷத்தின் நகல் போனது. பாதுகாப்புக்கென்று அவர் இன்னொரு டிஸ்க்கும் வைத்திருந்தார். அது வாரக் கடைசியில் தானாகவே முதல் டிஸ்க்கைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அந்த வாரமும் ஒழுங்காகச் சரிசெய்துகொண்டது. இங்கே அழிந்ததையெல்லாம் அங்கேயும் அழித்துவிட்டது.

விஷயம் தெரிந்தது சில நாள் கழித்து. ஆனையூர்க் கல்யாணத்துக்குப் பாட்டு வரிசை தயார் செய்ய உட்கார்ந்தார். முதலில் வேண்டியது தவசி மேளம். எழுத்தை அழுத்தினார். குரல் வேறு ஏதோ தாலாட்டுக்குத் தாவியது. மறுபடி அழுத்தினார், அதே தாலாட்டு. முழு டிஸ்க்கிலும் தேடச் சொன்னார். ஒன்றே ஒன்று கிடைத்தது. எங்கே இருக்கிறது என்று கேட்டதற்குக் குரல் சொன்னது: கேதம்.

அன்றைக்குச் சாயங்காலமே ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் டிஸ்க்கைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அழித்த இடத்தின் மேல் புதுப் பாட்டுகள் ஏறிவிட்டதால் மீட்க முடியாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

மற்ற பாட்டுகளுக்கு வழி இருந்தது. அழகுபாண்டி கேட்டவர்களுக்கெல்லாம் பாட்டு ஏற்றிக் கொடுக்கிறவர். எல்லாமே விசேஷப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தவை. உயிரோடு இருக்கிறவர் கையில் கேத நகலைக் கொடுப்பதில்லை. ஆகவே, கொடுத்ததைத் திரும்பக் கேட்டு வாங்கப் புறப்பட்டார். கருத்தக்கண்ணன் லோடு ஆட்டோவை எடுத்தார். பஸ் ஸ்டாப் டீக்கடை, ஆனைமலைப் பக்கத்துக் கல் பட்டறை, மார்க்கெட்டில் பூக்கட்டும் ராக்கம்மாள், ஷேர் ஆட்டோக்காரர்கள் என்று ஒவ்வோர் இடமாகப் போய் பென்டிரைவைக் கழற்றி, அங்கேயே மடிக்கணினியில் செருகி நகலெடுத்தார்கள். ராக்கம்மாள் தன் பென்டிரைவைக் கழுத்துக் கயிற்றில் தாலியோடு சேர்த்துக் கட்டியிருந்தாராம். கழற்ற மாட்டேன், வேண்டுமானால் நான் இப்படியே குனிந்து நிற்கிறேன், செருகி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி நின்றார். அவர் மடிக்கணினியின் மேல் குனிந்து நின்ற நேரம் முழுக்க, பூ வாங்க வந்தவர்கள் என்ன வைத்தியம் இது என்று கேட்டபடி போனார்கள். கருத்தக்கண்ணன் இதைச் சொல்லிச் சொல்லி இன்றும் சிரிக்கிறார்.

சித்திரை பாதியாவதற்குள் போனவற்றில் பெரும்பகுதி வந்து சேர்ந்தது. தவசி மேளம் மட்டும் எங்குமில்லை. அதை வேறு யாருக்கும் கொடுத்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை. வாசித்த நாதஸ்வரக்காரரும் இப்போது இல்லை. பதிந்தவர் யாரென்றே தெரியாது. கேசட்டும், அந்தக் கையடக்க ஸ்பீக்கரும் தவசியோடு போய்விட்டன என்பது அழகுபாண்டியின் கணக்கு.

கருத்தக்கண்ணனுக்கு இதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை. கொட்டகையில் குழாய்களைத் துடைத்துக்கொண்டே பேசினார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

“கேதத்துல இருக்குல்லண்ணே. அத ஒரு காப்பி எடுத்து இந்தப் பக்கம் போடுங்க. முடிஞ்சுபோச்சு.”

“போட்டுப் பாத்துட்டேன்டா.”

“பெறகு என்ன?”

“எடுக்கும்போது எங்க இருந்து எடுக்குறேன்னு அவ வாசிச்சுட்டா. கேதம்னு காதுல விழுந்துருச்சு. இனிமே அது என்ன பேருல எங்க இருந்தாலும் எனக்குக் கேதந்தேன்.”

“அந்தம்மா வாயப் பொத்திட்டு எடுத்திருக்கலாம்.”

“வாயப் பொத்துனா நான் எதையுமே எடுக்க முடியாதேடா,” என்றார் அழகுபாண்டி. சொல்லிவிட்டு அவரும் சிரித்துவிட்டார்.

ஆனால் சிரிப்பு நீடிக்கவில்லை. எடுத்த நகலை அன்றைக்கே அழித்துவிட்டதாகச் சொன்னார். கருத்தக்கண்ணன் அடுத்தபடியாக, ஜெயக்கொடியிடம் எதுவும் சொல்லாமல் வேறு நல்ல மேளமாகப் போட்டுவிடலாம், கல்யாணச் சந்தடியில் யார் கவனிக்கப் போகிறார்கள் என்றார். அழகுபாண்டி மஞ்சள் நூலின் முடிச்சை உருட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் சின்னத்தாயைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி ஆனையூர் போனார். நேரில் சொல்லிவிடுவது, கல்யாணத்துக்கு வேறு செட் வைத்துக்கொண்டாலும் வைத்துக்கொள்ளட்டும் என்ற முடிவோடுதான் போனாராம்.

ஜெயக்கொடி வீட்டில் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். சாமான்களெல்லாம் வாசலில். உட்காருவதற்கு ஒரு கட்டிலைக் காலி செய்து கொடுத்தார். அழகுபாண்டி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். டிஸ்க் கடகடத்ததிலிருந்து, சரி என்று தான் அழுத்தியது வரைக்கும். தவசி மேளம் இருக்கிறது, ஆனால் அவரைத் தூக்கும்போது பாடிய நகல்தான் இருக்கிறது, அதைக் கல்யாண மேடையில் போடத் தன் கை வராது என்றார். ஜெயக்கொடியே சொன்னாலும் போட முடியுமா என்று அழகுபாண்டிக்கே தெரியவில்லை. ஜெயக்கொடியும் போடுங்கள் என்று சொல்லவில்லை.

அவர் வேறொன்று கேட்டார்: “அண்ணே, நீங்க அப்பாவுக்குக் குடுத்தீகல்ல, ஒரு பாட்டுப் பெட்டி. அதுல இருந்தது எந்தப் பெட்டியில எடுத்தது?”

“விசேஷப் பெட்டியிலம்மா. மனுசன் கேக்குறதுக்குல்ல குடுத்தேன். ஆனா அதத்தேன் அன்னைக்கு அவரு கூடவே…”

“வையிங்கன்னு சொன்னாக. எங்க பெரியப்பா மகன் கையக்கூட நீட்டுனாரு. நான் குடுக்கல. முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டேன்.”

வாசலில் கிடந்த சாமான்களுக்குள்ளேயே, ஒரு தகரப் பெட்டியின் அடியில், பழைய வேட்டியில் சுற்றி அது இருந்தது. கொண்டுவந்து அழகுபாண்டியின் கையில் வைத்தார். அவர் அதைத் தடவினார். முன்பக்கத்து வலை, மேலே உடைந்த ஏரியல், பக்கவாட்டில் மெமரி கார்டின் விளிம்பு.

“அன்னைக்கு இது பாடுச்சாம்மா? ஊருல, கேதத்துல?”

“இல்லண்ணே. ஒங்க குழாய்தேன் பாடுச்சு. இது எம் மடியில சும்மா கெடந்துச்சு. அதுக்குப் பெறகு நானும் போடல. போட முடியல.”

ஸ்பீக்கரின் பேட்டரி உப்பிப் போயிருந்தது. அது இனி உயிர் பெறாது. அழகுபாண்டி கார்டை அமுக்கி வெளியே எடுத்து, சட்டையில் துடைத்து, தோள்பையில் கொண்டுவந்திருந்த மடிக்கணினியில் செருகினார். முதல் தடவை கணினி ஒன்றும் பேசவில்லை. எடுத்து ஊதி மறுபடி செருகினார். இரண்டாம் தடவையும் பேசவில்லை. சின்னத்தாய் அவர் கையிலிருந்து கார்டை வாங்கி, வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பில் ஒரு துளியைத் தொட்டு அதன் பித்தளை நிறப் பற்களைத் தேய்த்து, புடவை நுனியால் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தார். வீட்டில் விளக்குத் தேய்க்கிறவர்களுக்கு வரும் யோசனை அது. மூன்றாம் தடவை குரல் பேசியது.

வழக்கமான வேகம். அரிசி கொட்டும் சத்தம். மற்ற இருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அழகுபாண்டியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அவர் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“இருக்கும்மா,” என்றார்.

போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டார். இன்றைக்கு வேண்டாம், கல்யாணத்தன்றைக்குக் கேட்டுக்கொள்கிறேன் என்று ஜெயக்கொடி சொல்லிவிட்டு, வெள்ளையடிக்கிறவர்களுக்கும் சேர்த்து டீ போட உள்ளே போனார்.

கேத நகலும் இந்தக் கார்டில் இருந்ததும் ஒன்றுதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டாலும் எந்தக் காதும் வித்தியாசம் சொல்ல முடியாது. அந்த மென்பொருளிடம் கொடுத்தால் இதையும் இரட்டை என்று அழித்துவிடும். ஒன்று தவசியைத் தூக்கும்போது பாடியது, மற்றொன்று தவசி சாய்ந்து உட்கார்ந்து கேட்டது. அழகுபாண்டி வீடு திரும்பியதும் செய்த முதல் வேலை, கேதம் முழுவதையும் புது டிஸ்க்குக்கு மாற்றி, கறுப்பு நூல் கட்டிக் கொட்டகைக்கு அனுப்பியதுதான். இரண்டாவது வேலை, அந்த மென்பொருளை நீக்கியது. ஒரே பெயரை நாலைந்து தடவை கேட்பதில் தனக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்றார்.

வைகாசியில் கல்யாணம். ஆனையூரை ஒட்டிய ஒரு மண்டபம். எனக்கும் பத்திரிகை வந்திருந்தது. அழகுபாண்டியின் மேஜைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். மேடைக்கு இடப் பக்கத்தில், மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு செய்த நாதஸ்வரக் கோஷ்டி. பெண் வரும்போது ஒரு பாட்டு ஒலிபரப்பாகும், அந்த நேரம் மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பெரிய நாதஸ்வரக்காரருக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. “நாங்க உக்காந்திருக்கும்போது டப்பாப் பாட்டா?” என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார்.

சின்னத்தாய் மேஜைக்கு முன்னால் நின்று அறை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் வெளியே வந்ததும் இரண்டு விரலால் கணவரின் தோளைத் தட்டினார். அழகுபாண்டி விசையை அழுத்தினார்.

மேளம் தொடங்கியது. பழைய பதிவுதான், பின்னணியில் ஓர் இரைச்சல், எங்கோ ஒரு குழந்தை அழுகிறது, வெடி ஒன்று வெடிக்கிறது. தாமரைச்செல்வி மெதுவாக நடந்து வந்தார். பின்னால் ஜெயக்கொடி. நான்கைந்து வரிசைகளைத் தாண்டி மேடைப்படியில் கால் வைக்கும்போது மேளம் உச்சத்துக்குப் போய் நின்றது. மண்டபம் முழுக்க அந்தக் குரல்.

“இன்னொருக்க வாசிங்க மாப்ள. யாரும் வீட்டுக்குப் போகல.”

பந்தியிலிருந்து கை கழுவாமல் எழுந்து வந்த கல்லுப்பட்டிக்காரர் ஒருவர், தவசி எங்கே நிற்கிறார் என்று சுற்றும்முற்றும் பார்த்தார். ஜெயக்கொடி படியிலேயே நின்றுவிட்டார். அழவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

பதிவில் தவில்காரர் சிரித்தார். அதற்குள் மேடைப் பக்கம் இருந்த பெரிய நாதஸ்வரக்காரர் கையை உயர்த்தி, சத்தத்தைக் குறைக்கும்படி எங்கள் பக்கம் சைகை காட்டினார். சின்னத்தாய் அதைக் கணவர் காதில் சொன்னார். அழகுபாண்டி குமிழைத் திருகித் திருகிக் குறைக்க, அதே மேளத்தை அதே இடத்திலிருந்து அந்தக் கோஷ்டியார் எடுத்து வாசித்தார்கள். டேப்பில் இருந்ததைவிட வேகமாக. பிறகு சாப்பிடும்போது அழகுபாண்டி பெரிய நாதஸ்வரக்காரருக்கு நன்றி சொன்னார். அவர் இலையிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொன்னார்.

“மனுசன் அம்புட்டு ஆசையா கேக்குறாரு. வாசிக்காம எப்புடிண்ணே?”

மேளத்தை விசேஷப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு, மெமரி கார்டைக் கல்யாணத்தன்றைக்கே ஜெயக்கொடியிடம் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. பேட்டரி மாற்றி அந்தப் பாட்டுப் பெட்டியைச் சரிசெய்து தரும் பொறுப்பைக் கருத்தக்கண்ணன் ஏற்றுக்கொண்டார்.

மறுநாள் காலை அழகுபாண்டி வாசலில் உட்கார்ந்து, முதல் நாள் போட்ட பாட்டுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். காய் நறுக்க முறத்தோடு வந்து உட்கார்ந்த சின்னத்தாய், காலையிலேயே அவளோடு பேச்சா என்று கேட்டார். அவர் ஹெட்போனைக் கழற்றினார். ஏதோ ஒரு விசையைப் பல முறை தட்டினார். குரலின் வேகம் தட்டத் தட்டக் குறைந்து, அரிசிச் சத்தம் சொற்களாகப் பிரிந்தது. ஒரு பெண் நிதானமாகப் படிப்பது போல எனக்கும் எதிர் வீட்டில் கேட்டது. விசேஷம். தவசி அய்யா மேளம்.

சின்னத்தாய் கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குரலைக் காது கொடுத்துக் கேட்டார்.

“இத்தன வருசத்துல இன்னைக்குத்தேன் அவ சொல்றது எனக்கு வெளங்குது,” என்றார். “நல்லாத்தேன் பேசுறா.”